‘ஈதர்நெட் 2’ என்று காட்டினால் கணினி கெட்டுவிட்டதா?

இடி மின்னல் அதிகமுள்ள நம் நாட்டில், மோடமும் அதனோடு கேபிளில் இணைந்த கணினியும் அடிபடுவது புதிதல்ல. கணினியின் லேன் போர்ட் பழுதானால், யுஎஸ்பியில் செருகும் சிறிய அடாப்டர் ஒன்றை வாங்கி மாட்டிக்கொள்பவர்கள் பலர். அப்போது ‘ஈதர்நெட்’ என்றிருந்த பெயர் ‘ஈதர்நெட் 2’ என்று மாறியிருக்கும். அதே நேரத்தில் இணையமும் வராவிட்டால், அந்த ‘2’தான் கோளாறு என்று நினைக்கத் தோன்றும். கணினியை ‘ஃபார்மட்’ செய்யக் கொடுத்துவிட்டால், எடுத்து வைக்காத குடும்பப் படங்களும் பிள்ளைகளின் பாடக் கோப்புகளும் போய்விடும். எண் மாறியதால் மட்டும் இணையம் நிற்பதில்லை. அதனால் அவசரப்பட வேண்டாம்.

எண் எங்கிருந்து வருகிறது?

கணினியில் மாட்டும் ஒவ்வொரு அடாப்டரையும் விண்டோஸ் தனிக் கருவியாகப் பதிவு செய்துகொள்கிறது. முதலாவதற்கு ‘ஈதர்நெட்’, அடுத்ததற்கு ‘ஈதர்நெட் 2’ என்று பெயர் வைக்கிறது. வைஃபைக்கும் இதே முறைதான். பழையதைக் கழற்றினாலும் அதன் பதிவு உள்ளேயே மறைந்து கிடக்கும்.

சில யுஎஸ்பி அடாப்டர்களுக்குத் தனி வரிசை எண் இருக்காது. அவற்றை வேறு போர்ட்டில் செருகினால், விண்டோஸ் புதிய கருவி என்றே எடுத்துக்கொள்ளும். எனவே அடாப்டரை எப்போதும் ஒரே போர்ட்டில் செருகுவது நல்லது.

‘நெட்வொர்க் 2’ என்று வருவது வேறு. அது கணினி சேர்ந்திருக்கும் இணைப்பின் பெயர். ரவுட்டரை மாற்றினால்கூட அப்படி வரலாம்.

உண்மையில் எது மாறுகிறது?

அமைப்புகள் அந்தந்த அடாப்டரோடு சேர்ந்தவை. பழைய அடாப்டரில் நீங்கள் கொடுத்திருந்த நிலையான ஐபி எண், டிஎன்எஸ் எண் ஆகியவை புதியதற்குத் தாமாக வராது. பிள்ளைகள் தகாத தளங்களுக்குப் போகாமலிருக்க, கணினியில் வடிகட்டும் டிஎன்எஸ் எண் போட்டிருந்தால் இதைக் கவனியுங்கள். இணையம் ஒழுங்காக ஓடும், ஆனால் வடிகட்டி வேலை செய்யாது. புதிய அடாப்டரில் அந்த எண்ணை மீண்டும் போட வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியவை

1. கேபிள் செருகிய இடத்தில் விளக்கு எரிகிறதா? எரியாவிட்டால் வேறு கேபிளையும், ரவுட்டரில் வேறு போர்ட்டையும் முயன்று பாருங்கள்.

2. கன்ட்ரோல் பேனலில் ‘நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டர்’, அதில் ‘சேஞ்ச் அடாப்டர் செட்டிங்ஸ்’ போங்கள். இணைப்பை இருமுறை அழுத்தி ‘டீட்டெய்ல்ஸ்’ திறந்தால் ஐபி எண் தெரியும்.

3. அந்த எண் 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து கணினிக்கு எண் கிடைக்கவில்லை என்று பொருள். ரவுட்டரை அணைத்துப் போடுங்கள், கேபிளையும் சரிபாருங்கள்.

4. எண் 192.168 என்று தொடங்கியும் இணையம் இல்லையென்றால், அதே ரவுட்டரின் வைஃபையில் கைப்பேசியைச் சேர்த்துப் பாருங்கள். அதிலும் வராவிட்டால் சிக்கல் கணினியில் இல்லை. சேவை நிறுவனத்தை அழைக்கலாம்.

பழைய பதிவை நீக்குவது எப்படி?

‘ஸ்டார்ட்’ பொத்தானில் மௌசின் வலப்பக்கத்தை அழுத்தி ‘டிவைஸ் மேனேஜர்’ திறக்கவும். ‘வியூ’ பகுதியில் ‘ஷோ ஹிடன் டிவைசஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, ‘நெட்வொர்க் அடாப்டர்ஸ்’ வரிசையைப் பாருங்கள். மங்கலாகத் தெரிபவை இப்போது கணினியில் இல்லாத கருவிகள். நீங்கள் கழற்றிவிட்ட அடாப்டரின் பெயரை உறுதி செய்துகொண்டு, அதை மட்டும் ‘அன்இன்ஸ்டால்’ செய்யுங்கள். ‘வேன் மினிபோர்ட்’, ‘வைஃபை டைரக்ட்’ என்றிருப்பவை விண்டோஸின் சொந்தப் பகுதிகள். அலுவலக விபிஎன் அடாப்டரும் அங்கே இருக்கலாம். இவற்றைத் தொட வேண்டாம்.

பழைய ஐபி எண்ணையே புதிய அடாப்டருக்குக் கொடுக்கும்போது, அது கணினியில் இல்லாத வேறோர் அடாப்டருக்கு உரியது என்ற எச்சரிக்கை வரலாம். பழையதிலிருந்து நீக்கவா என்று கேட்டால் ‘யெஸ்’ கொடுங்கள்.

பெயரை மட்டும் மாற்ற, ‘சேஞ்ச் அடாப்டர் செட்டிங்ஸ்’ பக்கத்தில் இணைப்பைத் தேர்ந்து எஃப்2 விசையை அழுத்தி, ‘வீட்டு கேபிள்’ என்பதுபோல் விருப்பமான பெயரைத் தட்டச்சு செய்யலாம்.

லினக்சுக்கு மாறியவர்களுக்கு

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்ததால், பழைய கணினியில் லினக்ஸ் போட்டவர்களும் உண்டு. அங்கே ‘இஎன்பி3எஸ்0’ போன்ற பெயரைக் கண்டு குழம்ப வேண்டாம். ‘இஎன்’ என்றால் ஈதர்நெட். மீதி, அந்த அட்டை கணினிக்குள் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. புதிதாக கிராஃபிக்ஸ் அட்டை ஒன்றைச் செருகினால்கூட இந்த எண் மாறிவிடலாம். பழைய பெயரை வைத்து எழுதிய அமைப்பு அப்போது வேலை செய்யாது. பெயருக்குப் பதிலாக அடாப்டரின் மேக் முகவரியைக் குறிப்பிட்டு அமைத்தால் இந்தத் தொல்லை இராது.

இவ்வளவும் செய்தும் சரிவராமல் கடைக்குக் கொண்டுபோனால், ‘ஃபார்மட் செய்ய வேண்டாம், அடாப்டரை மட்டும் சோதியுங்கள்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.