ஜெராக்ஸ் கடை மேல் ஒரு வழக்கு

இன்றைய எபிசோடின் நாயகன் ஒரு ஜெராக்ஸ் கடை. பெயர் ராமேஸ்வரி ஃபோட்டோகாப்பி சர்வீசஸ். இடம் டெல்லி பல்கலைக்கழகம், டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகம். 2012 ஆகஸ்ட் மாதம் இந்தக் கடை மேல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு போட்டவர்கள் யார் தெரியுமா? ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி பிரஸ், கேம்பிரிட்ஜ் யுனிவர்சிட்டி பிரஸ், டெய்லர் அண்ட் ஃப்ரான்சிஸ். கேட்ட நஷ்ட ஈடு 60 லட்சம் ரூபாய். கடையோடு சேர்த்துப் பல்கலைக்கழகத்தையும் பிரதிவாதியாக இழுத்திருந்தார்கள்.

அப்படி அந்தக் கடை என்னதான் செய்தது? ஒரு எம்.ஏ. பேப்பருக்குப் பேராசிரியர் ஒரு வாசிப்புப் பட்டியல் கொடுப்பார். இந்தப் புத்தகத்தில் மூன்றாவது அத்தியாயம், அந்தப் புத்தகத்தில் இருபது பக்கம், இப்படி. பல புத்தகங்கள் வெளிநாட்டு விலை. நூலகத்தில் ஒன்றோ இரண்டோ பிரதிதான் இருக்கும். அந்தப் பக்கங்களை எல்லாம் நகலெடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, கடைக்காரர் ஒரே கட்டாகக் கொடுத்துவிடுவார். இதற்குப் பெயர் கோர்ஸ் பேக். நம்ம ஊர் கல்லூரி வாசலில் வளர்ந்த யாருக்கும் இதை விளக்கவே வேண்டாம். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. கடை திருட்டுத்தனமாக நடக்கவில்லை. இடம் கொடுத்து, உரிமம் கொடுத்தது பல்கலைக்கழகமே.

பதிப்பாளர்கள் பக்கமும் ஒரு வாதம் இருந்தது, அதை நான் ஒதுக்க மாட்டேன். ஒரு மாணவர் தனக்காக நாலு பக்கம் நகலெடுப்பது வேறு, ஒரு கடை அதையே காசுக்குத் தொழிலாகச் செய்வது வேறு என்றார்கள். உரிமம் வழங்க ஐ.ஆர்.ஆர்.ஓ. என்ற அமைப்பு இருக்கிறதே, அதற்குக் கட்டணம் கட்டிவிட்டுச் செய்யட்டுமே என்றார்கள். அமெரிக்காவில் இதே மாதிரி வழக்குகளில் 1991-இல் கின்கோஸ் நகல் கடையும், 1996-இல் மிச்சிகன் டாக்குமென்ட் சர்வீசஸும் தோற்றிருந்தன. அந்தத் தெம்பு அவர்களுக்கு இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

2012 அக்டோபரில் இடைக்கால உத்தரவு வந்தது. கடை கோர்ஸ் பேக் போடக் கூடாது. செமஸ்டர் நடந்துகொண்டிருக்கும் நேரம். யோசித்துப் பாருங்க! மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. சங்கமாகச் சேர்ந்து, நாங்களும் இந்த வழக்கில் ஒரு தரப்பு என்று நீதிமன்றத்துக்குப் போனார்கள். கல்வியாளர்கள் அமைப்பு ஒன்றும் உள்ளே வந்தது. அதன் பின்னால் முக்கியமாக நின்றவர் அறிவுசார் சொத்துரிமைச் சட்ட அறிஞர் ஷம்நாத் பஷீர். அவர் 2019-இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். அமர்த்தியா சென் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதி, வழக்கை மறுபரிசீலனை செய்யச் சொன்னார். அவர் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகத்தின் எழுத்தாளர். அதே டெல்லி ஸ்கூலில் ஒருகாலத்தில் பாடம் நடத்தியவரும்கூட. 300-க்கும் மேற்பட்ட கல்வியாளர்கள் கையெழுத்துப் போட்டுக் கடிதம் அனுப்பினார்கள். எங்கள் புத்தகத்துக்காக வழக்கு என்கிறீர்கள், எங்களுக்கே அது வேண்டாம் என்று அந்தப் புத்தகங்களை எழுதியவர்கள் சிலர் சொன்னதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம்.

இனி சட்டத்துக்கு வருவோம். 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் பிரிவு 52, எதெல்லாம் மீறல் ஆகாது என்று பட்டியல் போடுகிறது. அதில் 52(1)(i) சொல்வது இதுதான்: கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை நகலெடுத்தால் அது மீறல் இல்லை. தேர்வுக் கேள்வி, அதற்கான பதில் இரண்டும் இதில் சேரும். சண்டை முழுக்க 'கற்பித்தலின் போக்கில்' என்ற சொற்களைச் சுற்றித்தான். வகுப்பறைக்குள் பாடம் நடக்கும் நேரம் மட்டுமா? அல்லது பாடத்திட்டம் போடுவதில் தொடங்கித் தேர்வு வரைக்குமா?

2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா தீர்ப்பு சொன்னார். இரண்டாவது பொருள்தான் சரி, வழக்கு தள்ளுபடி. தன் சட்டப் படிப்புக் காலத்தையே அவர் தீர்ப்பில் எழுதியிருக்கிறார். அப்போது ஜெராக்ஸ் எடுக்க நேரமும் பிடிக்கும், காசும் ஆகும். அதனால் மாணவர்கள் நூலகத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கையால் எழுதுவார்கள். கையால் எழுதினால் குற்றமில்லை என்றால், மெஷின் வந்ததால் மட்டும் அது எப்படிக் குற்றமாகும்? பதிப்புரிமை இயற்கையாகவோ தெய்வீகமாகவோ வந்த உரிமை இல்லை, சட்டம் கொடுத்தது, சட்டம் விட்ட அளவுக்குத்தான் என்றும் சொன்னார்.

மேல்முறையீடு. அதே ஆண்டு டிசம்பர் 9-இல் நீதிபதிகள் பிரதீப் நந்த்ரஜோக், யோகேஷ் கன்னா அமர்வு பெரும்பாலும் இதையே உறுதி செய்தது. இத்தனை சதவீதத்துக்கு மேல் நகலெடுக்கக் கூடாது என்ற கணக்கு எதுவும் இந்தப் பிரிவில் இல்லை. பாடம் நடத்தும் நோக்கத்துக்கு அது தேவையா என்பதுதான் அளவுகோல். படிப்பு வளர்ந்தால் நாளைக்குப் புத்தகம் வாங்குகிறவர்களும் கூடுவார்கள் என்றுகூட அமர்வு சொன்னது. ஆனால் ஒரு முடிச்சை விட்டு வைத்தது: இந்தக் கோர்ஸ் பேக்குகளில் இருந்த பக்கங்கள் உண்மையிலேயே பாடத்துக்குத் தேவைப்பட்டவையா, முழுப் புத்தகத்தையே நகலெடுக்கலாமா? இதைச் சாட்சிகளை வைத்து விசாரியுங்கள் என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது.

அந்த விசாரணை நடக்கவே இல்லை. 2017 மார்ச்சில் பதிப்பாளர்கள் வழக்கை வாபஸ் வாங்கினார்கள். ஐ.ஆர்.ஆர்.ஓ. மட்டும் உச்ச நீதிமன்றம் போனது. மே மாதம் அங்கே மனு தள்ளுபடி ஆனது. இதை வைத்து 'சுப்ரீம் கோர்ட்டே ஜெராக்ஸுக்கு ஓகே சொல்லிவிட்டது' என்று சிலர் சொல்வார்கள். அது அப்படி இல்லைங்க. மனுவைத் தள்ளுவதும், சட்டக் கேள்விக்கு விரிவாகப் பதில் சொல்வதும் ஒன்றல்ல. டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது சென்னையில் எடுத்துக்காட்டப் பயன்படும், ஆனால் சென்னை உயர் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது.

இப்போது உங்கள் பேராசிரியர் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு அத்தியாயத்தை பி.டி.எஃப். ஆகப் போட்டால்? வகுப்புக்குள், பாடத்துக்குத் தேவையான அளவுக்கு என்றால், டெல்லித் தீர்ப்பின் தர்க்கம் அவர் பக்கம் நிற்கும் என்பது என் வாசிப்பு. அதே கோப்பை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் திறந்து வைத்தால், அது மாணவருக்கு நகல் கொடுப்பது இல்லை, ஊருக்கே வெளியிடுவது. அங்கே 52(1)(i) அவருக்குக் குடை பிடிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. முழுப் புத்தகம் பற்றிய கேள்வி, 2016 டிசம்பரில் அந்த அமர்வு விட்டுப்போன இடத்திலேயேதான் நிற்கிறது.