ஓட்டுக்கூரையும் சோலார் தகடும்

கல்முனைப் பக்கத்தில் வயரிங் வேலை செய்து பிள்ளைகளை ஆளாக்கியவன் நான். ஒரு வீட்டின் வயதை அதன் சுவிட்ச் போர்டைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

எங்கள் பகுதிக் கரண்டின் கதையைக் கல்லோயாவிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1949இல் மொரிசன் நட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி இங்கினியாகலையில் அணை கட்ட வந்தது. தேக்கிய தண்ணீர் சம்மாந்துறை வட்டைகளுக்குப் பாய்ந்தது. அணையடியில் 11 மெகாவாட் மின்நிலையமும் எழுந்தது. 1990களின் நடுப்பகுதி வரை இலங்கையின் மின்சாரம் அநேகமாக முழுக்கத் தண்ணீரில் பிறந்ததுதான். மூத்தம்மாவின் குப்பி விளக்கு முகட்டையெல்லாம் கரியாக்கும். பிறகு வந்த பல்புக்கோ வீட்டிலும் புகையில்லை, அது பிறந்த இடத்திலும் புகையில்லை.

அந்தக் காலத்து வீட்டில் எனக்கு வேலை கொஞ்சம்தான். மரச்சட்டத்தில் கிளிப் அடித்து வயரை இழுத்து, விறாந்தைக்கு ஒன்று, அறைக்கு ஒன்று, குசினிக்கு ஒன்று என்று பல்பு போட்டால் முடிந்தது. ஓட்டு இடுக்கால் சூடு வெளியேறிவிடும். பின்னேரம் கடல்காற்று வாசலால் நுழைந்து கிணற்றடியால் போகும். மின்விசிறிகூட மாப்பிள்ளை வந்த வீட்டில்தான் இருந்தது.

மத்திய கிழக்குக் காசு வந்தது, கல்வீடுகள் எழும்பின. ஓட்டைக் கழற்றிக் கொங்கிரீட் போட்டார்கள். பகல் முழுக்க வெயிலைக் குடித்த கொங்கிரீட் இரவு பத்து மணிக்கும் சூட்டைக் கக்கும். அதை ஆற்ற ஏசி வந்தது. ஏசிக்கென்று தனித் தடித்த வயர் இழுத்தேன். நல்ல கூலி, மறுக்கவில்லை.

இதற்கிடையில் கரண்டும் மாறிவிட்டது. 1996 வரட்சியில் நீர்த்தேக்கங்கள் வற்றி நாடு இருண்டது. எண்ணெயில் ஓடும் மின்நிலையங்கள் பெருகின. 2011இல் புத்தளத்து நுரைச்சோலையில் நிலக்கரி எரியத் தொடங்கி, 2014இல் 900 மெகாவாட் ஆனது. நிலக்கரிக் கரண்ட் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ காபனீரொட்சைட் வானத்துக்குப் போகிறது.

2004 சுனாமி ஊரின் உருவத்தையே மாற்றியது. கரையோரத்தில் 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்றார்கள்; பிறகு தளர்த்தினார்கள். அதற்குள் சனம் மேற்கே நகர, வயல் நிரப்பி வீடு கட்டுவது வழமையாயிற்று. கடைத்தெருவுக்கும் பள்ளிக்கும் சைக்கிளில் போன குடும்பத்துக்கு மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டது. நெருக்கமான ஊர் என்று எங்களைக் குறை சொல்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்: அந்த நெருக்கம்தான் இத்தனை காலமும் பெற்றோலை மிச்சம் பிடித்தது.

அக்கரைப்பற்றுக்கு அருகே இன்னொரு நுரைச்சோலை உண்டு. அங்கே சுனாமியால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று சவூதி அரேபியாவின் பணத்தில் 500 வீடுகள் கட்டினார்கள். யாருக்கு எத்தனை வீடு என்பது வழக்காகி உயர் நீதிமன்றம் வரை போனது. வீடுகள் ஆளில்லாமல் வருடக்கணக்கில் பற்றை மண்டிக் கிடந்தன. ஒரு தொன் சீமெந்து செய்ய அரைத் தொன்னுக்கு மேல் காபனீரொட்சைட் வெளியாகும். ஆள் குடியேறாவிட்டாலும் அந்தப் புகை புகைதான்.

இப்போது கூரைக்குக் கூரை சோலார். 2016இல் அரசாங்கம் தொடங்கிய ‘சூரிய பல சங்கிராமய’ திட்டம் அதற்கு வேகம் கொடுத்தது. 2022இன் நீண்ட மின்வெட்டு வசதியுள்ளவர்களை இன்னும் தள்ளியது. நல்ல காரியம். ஆனால் 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், பகல் நேரக் கரண்ட் மிஞ்சுகிறது, கூரைச் சோலாரை நிறுத்துங்கள் என்று மின்சார சபையே கேட்டது. நாட்டின் உச்சத் தேவை மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை. அந்நேரம் தகடு தூங்கும், ஏசி விழித்திருக்கும். பகலில் சூரியனை விற்றவர் இரவில் நிலக்கரியை வாங்குகிறார். மாதக் கணக்கில் இரண்டும் கழிபட்டு பில் சைபராகிறது, அவரும் சந்தோசப்படுகிறார்.

வீடு கட்டப் போகும் தம்பிமாருக்கு ஒன்று சொல்வேன். சோலார்காரரைக் கூப்பிட முதல் மேசனோடு உட்காருங்கள். ஓடு போட ஏலுமா, கடல் பக்கம் ஜன்னல் வைக்க ஏலுமா, முற்றத்தில் ஒரு வேம்புக்கு இடம் விட ஏலுமா என்று கேளுங்கள். ஏசி வயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.