அறிகை நடத்தைச் சிகிச்சை: பதற்றமும் மனவடுவும்

அறிகை நடத்தைச் சிகிச்சை என்பது பேச்சுவழி உளச்சிகிச்சைகளுள் ஒன்று. எண்ணம், உணர்ச்சி, உடல்நிலை, நடத்தை ஆகிய நான்கும் ஒன்றையொன்று எப்படித் தூண்டிவிடுகின்றன என்று நோயாளியும் சிகிச்சையாளரும் சேர்ந்து கண்டறிகிறார்கள். பிறகு அவற்றுள் எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றித் துயரைக் குறைக்க முயல்கிறார்கள். மருத்துவர்களிடையே ‘சி.பி.டி.’ என்ற பெயரே வழக்கில் உள்ளது. வாரத்துக்கு ஓர் அமர்வு என, பெரும்பாலும் 8 முதல் 20 அமர்வுகளில் முடிந்துவிடும். ‘நல்லதையே நினை’ என்று சொல்லிக்கொடுப்பதுதான் இச்சிகிச்சை என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. அது தவறு. அஞ்சியதை விட்டு விலக விலக அச்சம் வளர்கிறது என்ற கண்டுபிடிப்பே இதன் உயிர்நாடி.

தோற்றம்

இச்சிகிச்சையின் நடத்தைப் பகுதி முதலில் வந்தது. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற சிறுவன் சாப்பிடும் வேளையில் முயல் கூண்டைத் தொலைவில் வைத்து, நாளுக்கு நாள் நெருங்கக் கொண்டுவந்தார். முடிவில் அவன் முயலைத் தடவிக்கொடுத்தான். தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்பே, இரண்டாம் உலகப்போரில் மனம் நொறுங்கிய படைவீரர்களுக்கு அன்றைய முறைகள் உதவாததைக் கண்டு, படிப்படியாக அச்சத்தைத் தணிக்கும் முறையை உருவாக்கி 1958இல் நூலாக வெளியிட்டார்.

அறிகைப் பகுதி பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து உளமருத்துவர் ஆரன் பெக்கிடமிருந்து (1921–2021) வந்தது. அவர் ஃப்ராய்டின் உளப்பகுப்பாய்வு வழியில் பயின்றவர். அவரிடம் சிகிச்சைக்கு வந்த ஒரு பெண் தன் அந்தரங்க அனுபவங்களைச் சொல்லும்போதெல்லாம் பதறினார். மரபுப்படி அதற்கு ஆழ்மனக் காரணம் தேடியிருக்க வேண்டும். ஆனால் பெக் நேரடியாகக் கேட்டபோது, ‘உங்களுக்கு என் பேச்சு சலிப்பூட்டுகிறதோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்’ என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். நோயாளி வாய்விட்டுச் சொல்லாத, ஆனால் கேட்டால் சொல்லக்கூடிய இத்தகைய எண்ணங்களுக்குத் ‘தானாக எழும் எண்ணங்கள்’ என்று பெக் பெயரிட்டார். அதே காலத்தில் உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் நியூயார்க்கில் ஒத்த முடிவுகளுக்கு வந்திருந்தார். பெக்கும் வேறு மூவரும் சேர்ந்து எழுதிய மனச்சோர்வுக்கான சிகிச்சை நூல் 1979இல் வெளிவந்தது. பதற்ற நோய்களுக்கு இம்முறை விரிந்தது அதன் தொடர்ச்சியாகவே.

பதற்றம் நீடிக்கும் விதம்

பேருந்தில் நின்றுகொண்டு வரும் ஒருவருக்குத் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, கை மரத்துப்போகிறது. ‘ஹார்ட் அட்டாக்’ என்ற எண்ணம் பளிச்சிடுகிறது. எண்ணம் பயத்தைக் கூட்டுகிறது. பயத்தில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் இன்னும் விரைகிறது. விரையும் இதயத்தைக் கண்டு எண்ணம் உறுதிப்படுகிறது. சில நிமிடங்களில் உச்சத்தைத் தொடும் இந்தச் சுழலை பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் தெளிவாக வரைந்து காட்டினார். உடலின் சாதாரண மாற்றத்தைப் பேரழிவின் அறிகுறியாகப் படித்துவிடுவதே பீதித் தாக்கின் மையம் என்பது அவருடைய விளக்கம்.

மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிடுகிறார்கள். இந்தச் சொல் நோயாளிக்குச் செய்யும் தீங்கு பெரிது. அவர் பட்ட வேதனை உண்மையானது. இதயத்தில் கோளாறில்லை என்பதும், அவருக்குக் கோளாறே இல்லை என்பதும் வேறு வேறு. இதயத் துடிப்புச் சீர்கேடும் தைராய்டு மிகைச் சுரப்பும் இதே அறிகுறிகளைத் தரக்கூடியவை. அவற்றைச் சோதித்து விலக்கிய பிறகு உளச்சிகிச்சை தொடங்க வேண்டும்.

அடுத்த நாளிலிருந்து அவர் பேருந்தில் ஏறுவதில்லை. ஏறினாலும் கதவருகில்தான் இடம், பையில் மாத்திரை, துணைக்கு ஒருவர். ஒவ்வொரு முறை இறங்கி ஓடும்போதும் கிடைக்கும் நிம்மதி, ‘இறங்கியதால்தான் பிழைத்தேன்’ என்ற பொய்ப் பாடத்தைக் கற்பிக்கிறது. இறங்காமல் இருந்திருந்தாலும் தாக்கு தானே அடங்கியிருக்கும் என்பதை அறியும் வாய்ப்பு அவருக்குக் கிடைப்பதே இல்லை. தவிர்ப்பு தரும் நிம்மதியே தவிர்ப்பை வலுப்படுத்துகிறது என்று உளவியலாளர் ஹோபார்ட் மவுரர் 1940களில் சொன்னது இதைத்தான்.

ஆகவே சிகிச்சை வாதத்தால் மட்டும் நடப்பதில்லை. சிகிச்சை அறையிலேயே நோயாளி நின்ற இடத்தில் ஓடுகிறார், மெல்லிய உறிஞ்சுகுழல் வழியாக மூச்சு விடுகிறார், சுழல்நாற்காலியில் சுற்றுகிறார். வேண்டுமென்றே படபடப்பையும் தலைசுற்றலையும் வரவழைத்து, அவை ஆபத்தில்லை என்று உடலால் அறிகிறார். பிறகு பேருந்து. எந்தச் சூழல் எவ்வளவு அச்சம் தருகிறது என்று 0 முதல் 100 வரை மதிப்பெண் இட்டு, எளியதிலிருந்து கடினமானதற்கு ஏறுகிறார். மாத்திரைப் பையையும் துணையையும் ஒவ்வொன்றாக விட்டுவிடுகிறார். வீட்டுப்பாடம் இச்சிகிச்சையில் பாதி; வாரத்தில் மீதமுள்ள நாட்களின் பயிற்சியில்தான் மாற்றம் வேரூன்றுகிறது.

இப்படி அஞ்சியதை நேரில் சந்திக்கும் எதிர்கொள்ளலால் பழைய அச்சம் அழிந்துவிடுவதில்லை என்று இன்றைய ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதன் அருகில் புதிய பாடம் ஒன்று பதிந்து, பழையதை அடக்கி வைக்கிறது. பல இடங்களில், பல வேளைகளில் பழகச் சொல்வதும், குணமான பின் அச்சம் எப்போதாவது தலைகாட்டினால் அதைத் தோல்வியாகக் கொள்ள வேண்டாம் என்பதும் இதனால்தான்.

மனவடுவுக்கான சிகிச்சை

போர், பாலியல் வன்முறை, விபத்து, பேரிடர் ஆகியவற்றுக்குப் பின் நீடிக்கும் மனவடு என்ற நோய்நிலையை அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980இல் தன் நோய்ப்பட்டியலில் தனி நோயாகச் சேர்த்தது. மனவடு பட்டவருக்கு நடந்தது இறந்தகாலமாவதில்லை. தீபாவளி வெடிச்சத்தத்தில் ஷெல் விழுகிறது. கடல் இரைச்சலில் மறுபடியும் அலை எழுகிறது. நினைவு துண்டு துண்டாக, காலக்குறிப்பில்லாமல் பதிந்திருப்பதால், ஆபத்து இப்போதே இருப்பதாக உடல் நடந்துகொள்கிறது என்று ஆன்கே எலர்ஸ் என்ற உளவியலாளரும் டேவிட் கிளார்க்கும் 2000இல் விளக்கினர்.

எட்னா ஃபோவா உருவாக்கிய நீடித்த எதிர்கொள்ளல் முறையில், நோயாளி கண்ணை மூடி, நடந்ததை நிகழ்காலத்தில் நடப்பதுபோல் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அதைப் பதிவுசெய்து வீட்டில் கேட்கிறார். 8 முதல் 15 அமர்வுகள் ஆகும். கேட்கவே கொடுமையாகத் தோன்றும் இதில், சொல்லச் சொல்ல நினைவுக்குத் தொடக்கமும் முடிவும் கிடைக்கின்றன. அது முடிந்துபோன ஒன்றாக மாறுகிறது.

பட்ரீசியா ரெசிக் வகுத்த 12 அமர்வு முறை தன்னைத் தானே குற்றம்சாட்டும் எண்ணங்களை எடுத்துக்கொள்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்காகத் தொடங்கிய முறை இது. ‘நான் அந்த வழியாகப் போயிருக்கக் கூடாது’, ‘கையை விட்டுவிட்டேன், அதனால்தான் பிள்ளை போய்விட்டது’ போன்ற வாக்கியங்களைத் தாளில் எழுதி, அந்தக் கணத்தில் தனக்கு என்ன தெரிந்திருந்தது, என்ன செய்ய முடிந்திருக்கும் என்று நோயாளியே விசாரிக்கிறார். ‘உங்கள் தவறில்லை’ என்று பிறர் ஆயிரம் முறை சொல்லியும் ஆறாத குற்றவுணர்வு, தானே கண்ட விடையால் தணிகிறது.

நேரமும் முக்கியம். பேரிடர் நடந்த சில நாட்களிலேயே எல்லோரையும் உட்காரவைத்து நடந்ததை விவரிக்கச் சொல்லும் ஒரே அமர்வு முறை பயன் தருவதில்லை. சிலருக்குத் தீங்கும் செய்யக்கூடும். அப்போது தேவை உணவு, உறைவிடம், உறவினரைக் கண்டுபிடித்தல், கேட்பதற்கு ஓர் ஆள். பெரும்பாலோர் தாமாகவே தேறிவிடுவார்கள். தேறாதவர்களுக்கே மேற்சொன்ன சிகிச்சை.

எல்லைகள்

அடிக்கும் கணவனோடு ஒரே வீட்டில் இருப்பவரின் அச்சம் நோயன்று, சரியான எச்சரிக்கை. அதைச் சிகிச்சையால் தணிக்க முயல்வது தவறு. பாதுகாப்பே முதல் மருந்து. சிலருக்கு மருந்தும் சேர்த்துத் தேவைப்படும். பாதியில் நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள் தேவைக்கு மிகக் குறைவு என்பதே பெரிய தடை. இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் தமிழிலும் அழைக்கலாம். அங்கிருந்து உரிய சிகிச்சைக்கு வழிகாட்டுவார்கள்.

தமிழ்ச் சூழலில்

நம்மவர்கள் ‘பதற்றம்’ என்று சொல்லிக்கொண்டு வருவது அரிது. நெஞ்சடைப்பு, நரம்புத் தளர்ச்சி, பயந்த கோளாறு என்றுதான் வருவார்கள். அச்சொற்களைத் திருத்தாமல் அவற்றிலிருந்தே தொடங்குகிற சிகிச்சையாளரிடம் நோயாளி தங்குகிறார். மனவடு என்ற சொல்லும், ‘கவுன்சலிங்’கைக் குறிக்கும் உளவளத்துணை, சீர்மியம் என்ற சொற்களும் ஈழத்தமிழ் வழக்கில் வேரூன்றியவை. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 1998இல் வெளியிட்ட ‘ஸ்கார்ட் மைண்ட்ஸ்’ நூல், போர் இலங்கைத் தமிழர் மனத்தில் விட்டுச்சென்ற தழும்புகளைப் பதிவுசெய்தது. ஊரே சிதைந்த இடத்தில் தனி ஆளுக்கு மட்டும் சிகிச்சை போதாது, சமூகமும் தேற வேண்டும் என்று அவர் தொடர்ந்து வலியுறுத்தினார்.

2004 சுனாமிக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில் ஓர் அகதி முகாமில், போரையும் அலையையும் சேர்த்துக் கண்ட 31 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. பிறப்பு முதல் இன்று வரையான தம் வாழ்க்கைக் கதையை வரிசையாகச் சொல்லும் கதைவழி எதிர்கொள்ளல், அறிகை நடத்தைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அது ஒரு பகுதிக் குழந்தைகளுக்கும், தியானமும் தளர்வுப் பயிற்சியும் மற்றவர்களுக்கும் அளிக்கப்பட்டன. இரண்டும் ஆறு அமர்வுகள். சிகிச்சை அளித்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் உளவளத்துணையாளர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரு குழுக்களிலும் பெரும்பாலான குழந்தைகள் தேறியிருந்தனர்.