திண்ணையில் கவிழ்த்த சைக்கிள்

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் கடன் வாங்கி ஒரு பழைய சைக்கிளை நான் விலைக்கு வாங்கினேன். என் வீட்டிலிருந்து ஆலை எட்டுக் கிலோமீட்டர் தொலைவு. விடியற்காலை முறைக்குப் பஸ் கிடையாது. பத்து நிமிடம் பிந்தினால் அரைநாள் கூலி போய்விடும். ஆகவே அந்த வண்டிதான் எனக்குப் பிழைப்பு.

முதல் வாரமே பின்சக்கரம் பஞ்சராயிற்று. கடையில் ஒட்டி வாங்கிய மறுநாளே மீண்டும் காற்று இறங்கிற்று, கூலியும் போயிற்று. மாலையில் வண்டியைத் திண்ணையில் கவிழ்த்து வைத்து, டயரைக் கழற்றி, உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தேன். முறிந்த கருவேல முள்ளின் முனை அங்கேயே இருந்தது! ஒட்டியவர் ஓட்டையை அடைத்தாரேயன்றி, முள்ளைத் தேடினாரில்லை. தட்டைக் கம்பி இரண்டு, உப்புத்தாள், சொல்யூஷன், ரப்பர்த் துண்டு இவற்றை மறுநாளே வாங்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் இட்டேன். என் கருவிப் பெட்டி பிறந்தது அன்றுதான்.

நேயர்களே, டயரை வீட்டிலேயே கழற்றி மாட்ட முடிவது இன்று நமக்கு அற்பமாகத் தோன்றுகிறது. ஆனால் அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1817இல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் ஓட்டிய வண்டியில் மிதியும் இல்லை, டயரும் இல்லை; காலால் நிலத்தை உந்தியே செல்லவேண்டும். 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி இங்கிலாந்தில் அமைத்த ரோவர் வண்டிதான் நம் சைக்கிளின் மூதாதை. 1888இல் பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்றார். (1845லேயே தாம்சன் என்பவர் அத்தகைய உரிமை பெற்றிருந்தார் என்பதைப் பலர் மறந்துவிட்டனர்.)

டன்லப்பின் டயரில் ஒரு சங்கடம் இருந்தது. அது சக்கரத்தோடு ஒட்டப்பட்டிருந்தது. 1889இல் பிரான்ஸில் மிஷலின் சகோதரர்களின் தொழிற்சாலைக்கு ஒருவர் அத்தகைய டயரைச் செப்பனிடக் கொண்டுவந்தார். கழற்றி ஒட்ட மணிக்கணக்காயிற்று; பசை உலர ஓர் இரவும் வேண்டியிருந்தது. 1891இல் அச்சகோதரர்கள் கழற்றக்கூடிய டயரைச் செய்தனர். அவ்வாண்டே சார்ல் டெர்ரோன் அதைப் பூட்டிப் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பந்தயத்தில் வென்றார். தூரம் சுமார் 1,200 கிலோமீட்டர்.

எனினும் என் திண்ணையில் கிடந்த டயர் 1890இல் உரிமை பெற்ற வெல்ச் என்னும் ஆங்கிலேயரின் வழிவந்தது. டயரின் இரு ஓரங்களிலும் நீளாத கம்பி வளையம். விளிம்பின் நடுவே பள்ளம். ஒரு பக்கத்து ஓரத்தைப் பள்ளத்தில் தள்ளினால் எதிர்ப்பக்கம் தளர்ந்து வெளிவரும். அவ்வளவே சூட்சுமம்! புகழ் டன்லப்புக்குப் போயிற்று. என் அரைநாள் கூலியைக் காத்தவர் வெல்ச் என்றே நான் கருதுகிறேன்.

பிறகு ஸ்பேனர்கள் சேர்ந்தன. சக்கர நடுவிலுள்ள குண்டுகளைப் பாரிஸில் சுரிரே என்பவர் 1869இல் சைக்கிளுக்கு அமைத்தார். அவ்வாண்டு பாரிஸ்–ரூவான் பந்தயத்தில் ஜேம்ஸ் மூர் வென்றது அத்தகைய வண்டியில்தான். நானோ அவற்றை முதன்முதல் பிரித்தபோது தட்டு வைக்க மறந்து, மூன்று குண்டுகளைச் சாக்கடையில் இழந்தேன். பக்கத்துக்கு ஒன்பது குண்டுகள் வேண்டும் என்பது அதன்பின் மறக்கவேயில்லை. கிரீஸ் இட்டுப் பூட்டுகையில் கோனை இறுக்கிவிடவும் கூடாது. சக்கரம் தானே சுழன்று, வால்வின் கனத்தால் அது கீழே வந்து நிற்கவேண்டும்.

கம்பிகளைச் சாய்த்துப் பின்னும் முறைக்கு 1874இல் உரிமை பெற்றவர் ஜேம்ஸ் ஸ்டார்லி. ரோவரை அமைத்தவரின் சிறிய தந்தையோ பெரிய தந்தையோ, உறவு அதுதான். அக்கம்பிகளை முறுக்கும் சாவியும் என் பெட்டியில் உண்டு. ஆயினும் ஒன்றை இறுக்கினால் மற்றொன்று இழுக்கிறது. கோட்டம் எடுக்கமட்டும் இன்றும் கடைக்காரரிடமே போகிறேன். அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்கிறேன்.