யாழ்ப்பாணக் கோட்டை மதில் சுற்றுநடை

யாழ்ப்பாண நகரின் தென்மேற்கே, கடனீரேரிக் கரையில் உள்ள ஐங்கோணக் கோட்டையின் மதில் மீது சென்று புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் கரையோர நடைவழி. பருத்தித்துறை வீதியில் அமைந்த புத்தூரிலிருந்து நீர்வேலி, கோப்பாய் வழியாக இதை அடையலாம்.

ஏற்றம் மதிலுக்கு ஏறும் சரிவோடு முடிகிறது; எஞ்சியது சமதளம். நிழல் அரிது என்பதால் காலையும் மாலையுமே ஏற்ற வேளைகள். நிலப்பக்கம் அகழியும் நகரும், மறுபக்கம் ஆழமற்ற நீர்ப்பரப்பு, மண்டைதீவு, தீவகத்துக்குச் செல்லும் பண்ணைத் தாம்போதி ஆகியன தெரியும். மேற்குப்புறக் காட்சியே சிறந்தது. ஐந்து மூலைக் கொத்தளங்களும் ஒல்லாந்த மாகாணங்களின் பெயர்களைப் பெற்றவை.

1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் இங்கு நாற்கோணக் கோட்டை கட்டினர். 1658இல் மாதக்கணக்கான முற்றுகைக்குப் பின் அதைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், முருகைக்கல்லால் ஐங்கோணமாக மாற்றிக் கட்டினர். வெளி அரண்கள் 1792இல்தான் நிறைவுற்றன. மூன்றே ஆண்டுகளில், 1795இல், கோட்டை போரின்றி ஆங்கிலேயர் வசமானது. அத்தனை உழைப்புக்கு அது சிறிய பயனே. உண்மையான பேரழிவு உள்நாட்டுப் போரில் நேர்ந்தது. 1990இல் விடுதலைப் புலிகளின் முற்றுகையை அடுத்து இராணுவம் வெளியேறியது. 1995இல் மீண்டும் கைப்பற்றியது. 1706இல் எழுந்த ஒல்லாந்தத் தேவாலயம் இடிபாடாயிற்று.

போருக்குப் பின் நெதர்லாந்தின் நிதியுதவியுடன் மதில்கள் புனரமைக்கப்பட்டன. கோட்டை இலங்கைத் தொல்லியல் திணைக்களத்தின் பாதுகாப்பில் உள்ளது.