மறையூர்ச் சந்தனமும் அதன் மருந்துச் சரித்திரமும்

மறையூர் என்றதும் வெளியூர்க்காரங்களுக்கு முனியறைகளும் உருண்டை வெல்லமும்தான் நினைவுக்கு வரும். மலையின் மழை மறைவில் இருக்கும் இந்த அஞ்சுநாட்டுப் பகுதி, கேரளத்தின் இயற்கைச் சந்தனக் காட்டுக்கும் பேர்போனது. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் மண்ணும் இதுவே. இங்கே சந்தன மரங்களுக்கு நம்பர் போட்டு, வேலி கட்டிக் காவல் காக்கிறார்கள். அப்படி என்னதான் இருக்கு அந்த மரத்துக்குள்ளே?

வெளிக்கட்டையில் வாசனை இல்லை. நடு வைரத்திலும் வேரிலும்தான் எண்ணெய். வைரம் பிடிக்கவே பத்து வருஷம் வேண்டும். நல்ல எண்ணெய் சேர முப்பது வருஷம்கூட ஆகலாம். சர்வதேசத் தரப்படி அந்த எண்ணெயில் ஆல்பா-சாண்டலால் 41 முதல் 55 சதவீதமும், பீட்டா-சாண்டலால் 16 முதல் 24 சதவீதமும் இருக்க வேண்டும். மணத்துக்கு முக்கியக் காரணம் பீட்டா.

சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் சந்தனம் குளிர்ச்சி தரும் மருந்து. 1792-இல் திப்பு சுல்தான் மைசூர் ராஜ்யத்தில் சந்தனத்தை அரசுக்கே உரியதாக்கினார். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய டாக்டர்கள் வெட்டை நோய்க்குச் சந்தன எண்ணெயைக் கொடுத்தார்கள். அதற்காக நம் நாட்டுக் கட்டை கப்பலேறி ஜெர்மனிக்குப் போய், அங்கே எண்ணெயாக வடிக்கப்பட்டது. 1914-இல் உலகப்போர் மூண்டதும் அந்த வியாபாரம் நின்றது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் சட்பரோ, வாட்சன் ஆகியோர் உதவியுடன் 1916-இல் மைசூர் அரசு தானே எண்ணெய் வடிக்கத் தொடங்கியது.

அப்புறம் என்ன ஆச்சு? 1930-களில் சல்பா மருந்துகளும் 1940-களில் பெனிசிலினும் வந்தன. நோய் நிஜமாகவே குணமானது. சந்தன எண்ணெய் மருந்து அலமாரியை விட்டு சோப்புக்கும் அத்தருக்கும் போய்ச் சேர்ந்தது. பழம்பெருமை மட்டும் ஒரு மருந்தைக் காப்பாற்றாது என்பதே இதில் நமக்குப் பாடம்.

இன்று ஆல்பா-சாண்டலால் எலிகளின் தோல் கட்டிகளைக் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு. ஆனால் அது மனிதருக்கான புற்றுநோய் மருந்தாகிவிடவில்லை. ஆகவே வேர்க்குருவுக்குப் பாட்டி அரைத்த சந்தனம் பூசலாம். புற்றுநோய் தீரும் என்று யாராவது விற்றால் நம்பிவிடாதீர்கள்.

ஆராய்ச்சி தொடர மரம் வேண்டும். 1899-இல் குடகில் கண்டறியப்பட்ட ஸ்பைக் நோய் மறையூரையும் தாக்கியிருக்கிறது; அதைத் தீர்க்க மருந்து இல்லை. திருட்டு வெட்டு இன்னொரு நோய். சாண்டலாலை ஈஸ்ட் மூலம் தயாரிக்கும் வழி இப்போது வந்துவிட்டது. அது காட்டின் சுமையைக் குறைத்தால் நல்லதே. ஒரு மரம் வெட்டுப்பட்டால் முப்பது வருஷ உழைப்பு ஒரே ராத்திரியில் போகிறது. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம்.