குழலில் படிந்த நீரலை

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பர்மிங்காமிலும் பெல்ஜியத்தின் லியேஜிலும் உருவான இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கிகள் பலவற்றின் குழல்களில் ஒரு விந்தையைக் காணலாம். பழுப்பு நிறப் பரப்பின்மீது, காற்றில் சிலிர்த்த குளத்து நீரைப்போல் மெல்லிய கோடுகள் சுருண்டு சுருண்டு செல்லும். இவை மேலே தீட்டப்பட்டவை அல்ல. உலோகத்தின் உள்ளிருந்தே எழுபவை. இத்தகைய குழலை 'டமாஸ்கஸ் குழல்' என்பர். ஷாம் தேசத்துத் திமஷ்க் நகரின் பெயர் ஐரோப்பியப் பட்டறைத் துப்பாக்கிக்கு எவ்வாறு வந்தது? அத்தகைய துப்பாக்கி பழுதுற்றால் எதனைச் சீராக்கலாம், எதனைத் தொடலாகாது? முதல் வினாவுக்கு விடை தெரியாமல் இரண்டாவதற்கு விடை காண இயலாது என்பதே நம் கருத்து.

அரபியர் வாளின்மீது தோன்றும் இவ்வலைக் கோலத்தை 'ஃபிரிந்த்' என்றும் 'ஜவ்ஹர்' என்றும் அழைத்தனர். இந்திய எஃகினால் ஆன வாளுக்கு 'முஹன்னத்' என்று பெயர். நம் அரபிக் கல்லூரிகளில் ஓதப்படும் கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) அவர்களின் கஸீதாவிலேயே இச்சொல் இடம்பெற்றுள்ளது. 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தத்துவ அறிஞர் அல்கிந்தி வாள்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். அதில் யமன் நாட்டு வாள், இந்திய வாள், ஸரந்தீப் எஃகு என வகை பிரித்துப் பேசுகிறார். அவருக்குப் பின் வந்த அல்பிரூனி, மணிகளையும் உலோகங்களையும் ஆராயும் தம் 'அல்ஜமாஹிர்' நூலில் இரும்புக்கும் இடமளித்தார்.

அந்த எஃகின் ஊற்றுக்கண்களுள் ஒன்று நம் மண்ணே. ஈரோட்டுக்கு அருகிலுள்ள கொடுமணலில் பண்டைய இரும்புத் தொழிலின் எச்சங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. இலங்கையின் சமனலவெவப் பகுதியில் பருவக்காற்றின் விசையால் இயங்கிய உலைகள் கண்டறியப்பட்டு, 1996இல் அந்த ஆய்வு வெளியானது. 1795இல் இலண்டன் அரச கழகத்தில் ஜார்ஜ் பியர்சன் இந்த எஃகைப் பற்றி 'வூட்ஸ்' என்னும் பெயரால் எழுதினார். தென்னிந்திய மொழிகளின் 'உக்கு', 'உருக்கு' ஆகிய சொற்களின் உறவே அப்பெயர் என்பர்.

இங்கு ஒரு மயக்கத்தை நீக்குவது கடமையாகும். வாளின் ஜவ்ஹரும் துப்பாக்கிக் குழலின் கோலமும் ஒன்றல்ல. முன்னது, மூசையில் உருகிய எஃகு மெல்லக் குளிர்கையில் தானே உள்ளமைந்த கரிமச் சேர்மங்களின் அணிவகுப்பு. பின்னது கைத்திறத்தால் விளைந்தது. உஸ்மானிய ஆட்சிப் பகுதிகளில் கம்பிகளை முறுக்கிப் பற்றவைத்துக் குழல் செய்யும் கலை சிறந்திருந்தது. போரிலும் வணிகத்திலும் ஐரோப்பாவை அடைந்த துருக்கியக் குழல்களை அங்குள்ள கொல்லர்கள் போற்றித் தம் துப்பாக்கிகளில் பொருத்தினர். பின்னர் அக்கலையைத் தாமும் பயின்றனர். பெயர் வாளிலிருந்து வந்தது. தொழில்நுட்பம் வேறு வழியில் வந்தது.

அத்தொழிலின் வகையை அறிவோம். இரும்பையும் எஃகையும் மாறிமாறி அடுக்கிக் காய்ச்சி ஒன்றாக்குவர். அதனை நீண்ட கம்பியாக்கிக் கயிறுபோல் முறுக்குவர். முறுக்கிய கம்பிகள் இரண்டு மூன்றை இணைத்து நாடா போலாக்கி, ஓர் இரும்புத் தண்டின்மீது சுருளாகச் சுற்றுவர். சுருளின் விளிம்புகளைக் காய்ச்சி அடித்து ஒட்டவைத்து, உள்ளே துளையைக் கடைந்து சீராக்குவர். இறுதியில் துருவேற்றும் கரைசலைப் பூசும்போது இரும்பு ஒரு நிறமும் எஃகு ஒரு நிறமும் கொள்ள, கோலம் வெளிப்படும். இவ்வாறான இரு குழல்களை அருகருகே வைத்து, மேலும் கீழும் நீண்ட பட்டைகளை ஈயப்பற்றால் இணைத்தால் இரட்டைக்குழல் உருவாகும்.

இவை கருமருந்துக்காகச் செய்யப்பட்டவை. 1884இல் பிரான்சின் பால் வியேல் புகையில்லா வெடிமருந்தைக் கண்டறிந்தார். அதன் அழுத்தம் எழும் முறை வேறு. ஒரே வார்ப்பாக அமைந்த புதிய எஃகுக் குழல்களும் மலிந்தன. நூற்றுக்கணக்கான ஒட்டுகளைக் கொண்ட டமாஸ்கஸ் குழல் மெல்லப் பின்தங்கியது. ஆகவே, பழைய குழலில் இக்காலத் தோட்டாவை இட்டுப் பார்ப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

இனிச் செப்பனிடும் நெறிக்கு வருவோம். நல்ல கைவினைஞர் முதலில் குழலைக் கழற்றித் தொங்கவிட்டுத் தட்டிக் கேட்பார். மணிபோல் ஒலித்தால் பற்று உறுதி; கரகரத்தால் பட்டை எங்கோ விட்டிருக்கிறது, உள்ளே துரு மறைந்திருக்கக்கூடும். பின்னர் குழற்சுவரின் தடிமனை அளப்பார். குழலும் விசைப்பெட்டியும் சேருமிடம் தளர்ந்திருந்தால் கீல் முளையை மாற்றி இறுக்குவார். மரக்கட்டையின் நெளிவுகளை ஈரத்துணியும் சூடும் கொண்டு எழுப்பி, ஆளிவிதை எண்ணெய் தேய்ப்பார். இவையெல்லாம் பழுது நீக்கல். ஆனால், பளபளப்புக்காகக் குழலைச் சாணை பிடித்தால் கோலம் மங்கும். பர்மிங்காமில் 1813இல் நிறுவப்பட்ட சோதனைக் கூடத்தின் முத்திரைகளும் தேய்ந்துபோகும். அக்குழல் எங்கே, எவ்வாறு சோதிக்கப்பட்டது என்பதற்கு அம்முத்திரைகளே சாட்சி. சாட்சியை அழித்த பின் அழகு எதற்கு?

இதனினும் கடுமையான ஒரு வழியுண்டு. பழைய குழல்களை அடிப்பகுதியை மட்டும் விட்டு வெட்டியெறிந்து, அதில் புதிய எஃகுக் குழல்களைச் செருகுவது. துப்பாக்கி மீண்டும் சுடும். ஆனால், திமஷ்க்கின் பெயரைத் தாங்கியிருந்த பகுதி குப்பைக்குப் போய்விடும். சுடும் திறனைக் காப்பதா, வரலாற்றைக் காப்பதா என்னும் கேள்வி இங்கே நேருக்கு நேர் நிற்கிறது. வேட்டைக்குக் கருவி வேண்டுவோர்க்குப் புதிய துப்பாக்கிகள் உண்டு. முறுக்கிய குழலை அக்காலத்தைப்போல் ஆயிரக்கணக்கில் வார்த்தளிக்கும் பட்டறைகளோ இன்றில்லை. எனவே, வரலாற்றின் பக்கமே நாம் நிற்கிறோம்.

நம் நாட்டுச் சட்டமும் இங்கு நினைவுகொள்ளத் தக்கது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியைச் செப்பனிடும் தொழிலுக்கே உரிமம் வேண்டும். பழமை வாய்ந்ததும், செப்பனிட்டாலும் சுடும் கருவியாகப் பயன்பட இயலாததுமான ஆயுதத்துக்கு அச்சட்டம் விலக்களிக்கிறது. மூத்தோர் விட்டுச்சென்றது என்பதனாலோ, நூறாண்டு கடந்தது என்பதனாலோ மட்டும் உரிமத்தின் தேவை நீங்கிவிடாது. பரம்பரைப் பொருளை வைத்திருப்போர் இதனை அறிந்து நடத்தல் வேண்டும்.

அல்கிந்தி வாள்களை வகைப்படுத்தும்போது, 'அதீக்' என்னும் சொல்லுக்கு நுட்பமான விளக்கம் தருகிறார். 'பழமையானது' என்று பொருள்படும் அச்சொல், வாளைப் பொறுத்தவரை காலத்தைக் குறிக்காது. அதன் உயர்குணத்தையே குறிக்கும் என்கிறார். நேற்று அடித்த வாளும் குணத்தால் அதீக் ஆகலாம். நெடுங்காலம் கடந்த வாளும் அப்பெயரை இழக்கலாம். இவ்வளவுகோலைப் பழைய துப்பாக்கிக்கும் பொருத்தலாம். அதன் மதிப்பு வயதில் இல்லை. பெயர் தெரியாத கொல்லர்களின் உழைப்பு இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது என்பதில் இருக்கிறது. துருவை அகற்றுவோம், தளர்ந்ததை இறுக்குவோம். அந்த உழைப்பின் கையெழுத்தை மட்டும் அழியாது அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்போம். அது நம் கையிலுள்ள அமானிதம்.